குரங்கு தூக்கிப்போன மூக்குக்கண்ணாடி: வீட்டில் செய்த கணினி விளையாட்டுக்குச் சில குறிப்புகள்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் ஆளுக்கொரு கைப்பேசி, ஆளுக்கொரு மூலை. இதற்கு மாற்றாக 'பாயிண்ட் அண்ட் கிளிக்' சாகச விளையாட்டைத்தான் நான் சொல்வேன். அதிலும் பெரிய நிறுவனம் செய்ததை விட, யாரோ ஒருவர் வீட்டில் உட்கார்ந்து, நாலு பேரைச் சிரிக்கவைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுச் செய்ததுதான் குடும்பத்துக்கு ஏற்றது. திரையில் ஒரு படம் இருக்கும். அதிலுள்ள ஆளையோ பொருளையோ மவுஸால் கிளிக் செய்தால் கதை நகரும். எடுத்த பொருள்கள் ஒரு பையில் சேரும். சுட வேண்டாம், ஓட வேண்டாம், கடிகாரத்தோடு போட்டியும் இல்லை. விரலில் வேகம் இல்லாத பாட்டியும் பேரப்பிள்ளைக்குச் சமமாக ஆடலாம்.

கம்போங் குவாந்தானில் இருக்கும் என் தங்கையின் மகள் பவர்பாயிண்டிலேயே இப்படி ஒன்று செய்திருக்கிறாள். கோலசிலாங்கூரின் புக்கிட் மெலாவாத்தி மலையில் குரங்கு ஒன்று பாட்டியின் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. அதை மீட்டுக்கொண்டு, இருட்டுவதற்குள் மின்மினி பார்க்கச் சம்பான் படகில் ஏற வேண்டும். கதை அவ்வளவுதான். அதை ஆடியதிலும், இலவசமாகக் கிடைக்கும் மற்றவற்றை ஆடியதிலும் பயன்பட்ட குறிப்புகள் இவை.

1. ஒரு திரை, ஒரு மவுஸ் போதும். கணினியைப் படுக்கையறையிலிருந்து கூடத்துக்குக் கொண்டுவாருங்கள். தொலைக்காட்சியோடு இணைக்கும் எச்டிஎம்ஐ கம்பி இருந்தால் இன்னும் நல்லது. மவுஸ் வீட்டின் ஆகச் சின்னப் பிள்ளையிடம் இருக்கட்டும். மற்றவர்கள் யோசனை சொல்லலாம், மவுஸைப் பிடுங்கக் கூடாது.

2. வசனத்தை உரக்கப் படியுங்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு குரல் என்று முதலிலேயே பிரித்துக் கொடுத்துவிடுங்கள். ஆங்கில விளையாட்டாக இருந்தால் பெரிய பிள்ளை ஆங்கிலத்தில் படிக்க, இன்னொருவர் அதே சூட்டில் தமிழில் சொல்லட்டும். நகைச்சுவை விளையாட்டில் பாதி இன்பம் இந்தக் குரல் மாற்றத்தில் கிடைக்கிறது. புத்தகம் என்றால் எழுந்து ஓடும் பிள்ளைகூட, தன் பாத்திரம் பேசும் முறை வரும்போது திரையை விட்டுக் கண் எடுக்காமல் எழுத்துக்கூட்டிப் படிப்பதைப் பார்க்கலாம்.

3. சரியான விடை தெரிந்தாலும் முதலில் தப்பான பொருளைக் கிளிக் செய்யுங்கள். இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். இந்த வகை விளையாட்டின் உயிர், வேலைக்கு ஆகாத முயற்சிக்குச் செய்தவர் எழுதி வைத்திருக்கும் பதிலில் இருக்கிறது. அவர் அதை உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறார். நேராக முடிவுக்கு ஓடுகிறவர் அதில் பெரும்பகுதியைப் பார்க்காமலேயே போய்விடுவார்.

தங்கை மகளின் விளையாட்டில் மலை உச்சிக் கலங்கரை விளக்கத்தைக் கிளிக் செய்தால், "1907-லேருந்து இங்கேயே நிக்கிறேன். என்னைப் பையில வெச்சுக்க முடியாதும்மா" என்கிறது. பழைய பீரங்கியைத் தொட்டால், "குண்டு இல்ல. இருந்தாலும் குரங்குக்காகச் சுட மாட்டேன்" என்கிறது. வெள்ளி மயிர் லங்கூர் குரங்கைக் கிளிக் செய்தால், "நாங்க இலை தின்னுற ஜாதி. கண்ணாடி எங்களுக்கு எதுக்கு? அந்த நீள வால்காரனைப் போய்க் கேளு" என்று பதில் வருகிறது. இதில் துப்பும் இருக்கிறது. புக்கிட் மெலாவாத்தியில் உண்மையாகவே இரண்டு வகைக் குரங்குகள் உண்டு. சாம்பல் நிற லங்கூர் சாது. அதன் குட்டி மட்டும் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். கையிலிருப்பதைப் பறித்துக்கொண்டு ஓடுவது நீள வால் குரங்கு. பிள்ளைகள் பயத்தங்காயை நீட்டி நீட்டிப் பார்த்தார்கள், நீள வால்காரன் மசியவில்லை. கடைசியில் என் அம்மாதான், "பொட்டலம் கட்டுன சீராப் தண்ணிய காட்டுடா, கைய விட்டுட்டு வரும்" என்றார். அதுதான் விடை.

4. மவுஸை மெதுவாக, இடமிருந்து வலமாகக் கூட்டிப் பெருக்குவது போல் நகர்த்துங்கள். கிளிக் செய்யக்கூடிய பொருளின் மேல் வரும்போது பெயர் தோன்றும், அல்லது அம்பின் வடிவம் மாறும். இடப்பக்கப் பொத்தான் எடுக்க, பேச. பல விளையாட்டுகளில் வலப்பக்கப் பொத்தான் உற்றுப் பார்க்க. எடுப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் ஒரு தடவை உற்றுப் பாருங்கள்.

5. அடிக்கடி சேமியுங்கள். அட்வெஞ்சர் கேம் ஸ்டூடியோ என்ற மென்பொருளில் செய்த பல விளையாட்டுகளில் எஃப் 5 சேமிக்கும், எஃப் 7 சேமித்த இடத்துக்குத் திரும்பக் கொண்டுபோகும். எஃப் 9 முதலிலிருந்து ஆரம்பித்துவிடும், சின்னப் பிள்ளைகளின் விரலை அதிலிருந்து தள்ளியே வையுங்கள். ஆல்ட், எண்டர் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் திரை முழுவதும் விரியும். சேமிப்புக்குப் பெயர் கேட்டால் 'ஒன்று, இரண்டு' என்று போடாமல் 'குரங்குக்கு முன்னால்', 'சம்பான் ஏறியபின்' என்று எழுதினால் அடுத்த நாள் குழப்பம் வராது.

6. சிக்கிக்கொண்டால் விடைத்தாளைத் தேடி ஓடாதீர்கள். ஒரு தாளை எடுத்து, பையில் என்னென்ன இருக்கிறது, யார் யாருக்கு என்ன வேண்டும் என்று இரண்டு வரிசையாக எழுதுங்கள். பெரும்பாலும் எழுதும்போதே பொருத்தம் கண்ணில் பட்டுவிடும். படாவிட்டால் கணினியை மூடிவிட்டுச் சோறு சாப்பிடப் போங்கள். விளையாட்டைப் பார்க்கவே பார்க்காத ஒருவரிடம் கதையை வாயால் சொல்லிப் பார்ப்பதும் நல்ல வழி. சொல்லும்போது நமக்கே விடை வந்துவிடும்.

நகைச்சுவை விளையாட்டில் விடை கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். இந்த வகையில் இன்றுவரை எல்லாரும் எடுத்துக்காட்டும் 'த சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்', ரான் கில்பர்ட் தலைமையில் லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் 1990-ல் வெளியிட்டது. நடுவில் கப்பி வைத்த ரப்பர் கோழி ஒன்று அதில் கதாநாயகனுக்குக் கிடைக்கும். கம்பியில் தொங்கிக்கொண்டு தண்ணீருக்கு அப்பால் போக அந்தக் கோழிதான் உதவும். வாள்சண்டையில் வெல்வது கையின் வேகத்தால் அல்ல, எதிராளியின் வசவுக்குப் பொருத்தமான பதில் வசவு சொல்வதால். எல்லாம் கோணல்தான், ஆனால் அந்த உலகத்துக்குள் நியாயம் இருக்கிறது. நியாயமே இல்லாத புதிர் வந்தால், அப்போது மட்டும் விடைத்தாளைத் திறந்து அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு மூடிவிடுங்கள்.

7. இலவசமாகக் கிடைப்பவை நிறைய உண்டு. அட்வெஞ்சர் கேம் ஸ்டூடியோவைக் கிறிஸ் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேயர் 1997-ல் உருவாக்கினார். காசு வாங்காமல் கொடுத்ததால் உலகமெங்கும் தனியாட்கள் அதை வைத்து விளையாட்டு செய்து, அவர்களும் பெரும்பாலும் இலவசமாகவே கொடுத்தார்கள். பழைய விளையாட்டுகளை இன்றைய கணினியிலும் ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் ஓடவைக்க ஸ்கம்விஎம் என்ற இலவச மென்பொருள் 2001 முதல் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் செய்யப்பட்டு 1995-ல் வந்த 'ஃபிளைட் ஆஃப் த அமேசான் குயீன்' நல்ல சிரிப்பு விளையாட்டு. உரிமையாளர்களே அதை இலவசமாக்கிவிட்டார்கள், ஸ்கம்விஎம் தளத்திலேயே கிடைக்கும். பிள்ளைகளிடம் கொடுப்பதற்கு முன் பெரியவர்கள் கொஞ்ச நேரம் ஆடிப் பார்த்துவிடுவது நல்லது.

தோட்டத்துப் பக்கம் இணைய வேகத்தை நம்ப முடியாது. இவற்றில் அந்தத் தொல்லை இல்லை. டவுனுக்குப் போகும்போது ஒரு தடவை பதிவிறக்கிக்கொண்டால் போதும், ஆடுவதற்கு இணையம் தேவையில்லை. பழைய மடிக்கணினியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், இந்த விளையாட்டுகளுக்கு அது தாராளம்.

8. தனியாள் செய்த விளையாட்டைத் திறக்கும்போது 'வெளியிட்டவர் யாரென்று தெரியவில்லை' என்று விண்டோஸ் எச்சரிக்கலாம். செய்தவரின் சொந்தப் பக்கத்திலிருந்து எடுத்ததுதானா என்று பார்த்து, வைரஸ் சோதனை செய்துவிட்டுத் திறங்கள். 'ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு ஆடுங்கள்' என்று எங்கேயாவது எழுதியிருந்தால் அந்தக் கோப்பே வேண்டாம்.

9. தமிழ்க் குடும்பத்தின் கதையே வேண்டும் என்றால் 'வெண்பா'வை ஆடுங்கள். கனடாவின் டொரோண்டோவில் ஒரு சிறு குழு செய்து 2023 ஜூலையில் வெளியிட்டது. 1988-ல் கனடாவில் குடியேறும் வெண்பா, அவள் கணவன் பாவலன், மகன் கவின் ஆகியோரின் கதை. அம்மா கொடுத்த சமையல் புத்தகம் கிழிந்து கறைபட்டிருக்கும். எஞ்சிய வரிகளை வைத்து இட்லியும் மற்றதும் செய்யும் முறையைக் கண்டுபிடிக்க வேண்டும். இது விலைக்கு வாங்க வேண்டியது. சிரிப்பை விடக் கண்ணீர் அதிகம், ஆனாலும் கிளிக் செய்து யோசிக்கும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். 2024-ல் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக விளையாட்டாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. பெரிய பிள்ளைகளுக்கு, 'நம் வீட்டுக் கதையையும் உலகம் உட்கார்ந்து ஆடும்' என்று காட்ட இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

10. பிறகு நீங்களே ஒன்று செய்யுங்கள். பவர்பாயிண்ட் போதும். ஒரு ஸ்லைடு ஓர் இடம். வீட்டுப் பக்கத்தில் எடுத்த படத்தைப் பின்னணியாகப் போடுங்கள். கிளிக் செய்ய வேண்டிய பொருளின் மேல் ஒரு கட்டம் வரைந்து, அதை 'ஆக்‌ஷன்' மூலம் பதில் இருக்கும் ஸ்லைடோடு இணையுங்கள். கட்டம் கண்ணுக்குத் தெரியக் கூடாது என்றால் நிறத்தை எடுத்துவிடாமல், நிறத்தை வைத்துக்கொண்டே ஒளிபுகும் அளவை நூறு சதவீதமாக்குங்கள். நிறத்தை எடுத்துவிட்டால் கட்டத்தின் நடுவில் கிளிக் வேலை செய்யாமல் போகலாம்.

வழக்கமாகத் திரையில் எங்கே தட்டினாலும் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடும். இதைத் தடுக்க 'செட் அப் ஸ்லைடு ஷோ'வுக்குள் போய்க் 'கியோஸ்க்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதன்பின் இணைத்த இடத்தைத் தட்டினால்தான் படம் மாறும். இந்த ஒரு மாற்றத்தில்தான் ஸ்லைடு காட்சி விளையாட்டாகிறது.

11. தமிழ் வசனம் பவர்பாயிண்டில் ஒழுங்காக வரும். வேறு விளையாட்டு மென்பொருளில் எழுதினால் ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து நிற்கலாம். அப்படியானால் வசனத்தைப் படமாகச் சேமித்து ஒட்டுங்கள், அல்லது குரலில் பதிந்துவிடுங்கள். பாட்டியின் வசனத்தைப் பாட்டியே பேசினால் அந்த மென்பொருள் சிக்கலுக்கே நன்றி சொல்லத் தோன்றும்.

12. புதிரை ஊரிலிருந்தே எடுங்கள். மற்ற ஊர்க்காரர்களுக்குக் கிடைக்காத சரக்கு நம்மிடம் இருக்கிறது. கம்போங் குவாந்தான் மின்மினிகள் சிலாங்கூர் ஆற்றங்கரைப் பெரெம்பாங் மரங்களில் கூட்டமாக உட்கார்ந்து ஒரே தாளத்தில் மின்னுகின்றன. அவற்றின் புழுக்கள் கரையோரச் சேற்றில் சின்ன நத்தைகளைத் தின்று வளர்கின்றன. எனவே 'வெளிச்சம் குறைந்துபோச்சு, என்ன செய்யலாம்?' என்ற புதிருக்குப் பையிலுள்ள டார்ச் விடையாகாது. பல்பு கடையும் ஆகாது. கரையில் பெரெம்பாங் நட வேண்டும், நத்தையை விட்டுவைக்க வேண்டும். டார்ச்சைக் கிளிக் செய்தால் ஒரு மின்மினி, "லைட்டை அணைங்க, நாங்க இங்க வேலை பார்த்துக்கிட்டு இருக்கோம்" என்று சொல்லட்டும்.

தோட்டத்துக் கதை வேண்டுமா? மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-ல் தொடங்கியது நம் கோலசிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான். தொடங்கியவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். ஒரு செம்பனை மரத்தைக் கிளிக் செய்தால் அது தன் கொள்ளுத்தாத்தா கதையைச் சொல்லலாமே. ரப்பர் மரக் கதை என்றால், பையில் போட பால் மங்கு, தோளில் சுமக்கும் காண்டாக் கம்பு, வாளி, உளி என்று நம் பெரியவர்கள் கையில் பிடித்த பொருள்களையே வையுங்கள். 'காண்டாக் கம்பை எப்படித் தோளில் வைக்கிறது?' என்று பேரன் கேட்க, தாத்தா எழுந்து நின்று துடைப்பத்தை வைத்துக் காட்டியதை நான் பார்த்திருக்கிறேன். அன்று விளையாட்டு அதற்கு மேல் நகரவில்லை, யாருக்கும் வருத்தமும் இல்லை.

13. சிரிப்பு யாரையும் குத்தக் கூடாது. நிறம், உடம்பு, பேச்சு வழக்கு, வீட்டு வசதி எதையும் பகடிக்கு எடுக்க வேண்டாம். குரங்கு, பீரங்கி, கலங்கரை விளக்கம் எல்லாம் பேசும்போது மனிதரைக் கிண்டல் செய்யும் தேவையே வராது. பள்ளித்தோழனை வைத்து எழுதினால் அவனிடம் முதலில் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

14. முடிந்ததும் வேறொருவரை ஆடவிட்டு, செய்த பிள்ளை பின்னால் வாய்மூடி உட்காரட்டும். இது பெரியவர்களுக்கே சிரமமான வேலை. கையில் ஒரு தாள் கொடுத்து, ஆடுகிறவர் தொட்டும் பதில் வராத இடங்களை எல்லாம் குறிக்கச் சொல்லுங்கள். என் அம்மா ஆடியபோது குரங்கை விட்டுவிட்டு மேகத்தைத் தொட்டார், படிக்கட்டைத் தொட்டார், பாட்டியின் செருப்பைத் தொட்டார். ஒன்றும் பேசவில்லை. அந்தப் பட்டியல்தான் அடுத்த நாள் வேலை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதிச் சேர்த்தபின் விளையாட்டு இரண்டு மடங்கு கலகலப்பானது. செருப்பு இப்போது, "மலையேத்தம்னு சொல்லவே இல்லையே" என்று அலுத்துக்கொள்கிறது.

15. பென்டிரைவில் போட்டுக் கொடுக்கும்போது, குரலும் ஒலியும் தனிக் கோப்பாக இருந்தால் அவற்றையும் அதே ஃபோல்டரில் சேர்த்தே கொடுங்கள். மூலக் கோப்பை வீட்டில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். வாங்கிப்போகும் அண்ணன் தம்பி பிள்ளைகள் தங்கள் ஊர்க் காட்சிகளைச் சேர்க்கக் கேட்டால் தாராளமாகக் கொடுக்கலாம். ஜெராம் கடற்கரையும் ஈஜோக் கோயில் திருவிழாவும் இன்னும் யாரும் வரையாமல் காத்திருக்கின்றன.