மாங்காய்ப் பாலும் 88 நாளும்



நேற்று இரா நீ அனுப்பின படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது கண்ணிமை வீங்கி, கன்னத்தோரம் கோடு கோடாய்ச் சிவந்திருக்கு. "அவரிட்டை வெயிலெண்டு சொல்லியிருக்கிறன் பெரியம்மா, 88 நாளும் முடியட்டும்" என்று கீழே எழுதியிருக்கிறாய். அது வெயில் இல்லை, மகள். மாங்காய்ப் பால்.

கறுத்தக் கொழும்பான் மரத்தடியில் வளர்ந்த எங்களுக்கு அது தெரியும். காம்பு முறிந்ததும் பீச்சுகிற பால் பட்டால் வாயோரம் புண்ணாகும். அம்மா காயைக் கவிழ்த்து வைத்து, பால் வடிந்த பிறகுதான் கையில் தருவா. எங்களுக்கு அது ஒரு நாளைக்கு ஒரு காய். நீ விடியற்காலையிலிருந்து கென்சிங்டன் பிரைட் மாமரங்களுக்குக் கீழே நிற்கிறாய். சவர்க்காரத் தண்ணீர் பீச்சிக் கழுவினாலும், கையுறைக்கும் சட்டைக்கும் இடையில் அந்தப் பால் இறங்கிவிடும். இன்னொன்றும் இருக்கு. பத்து வயதில் ஒன்ராறியோவில் முகாமுக்குப் போன இடத்தில் பாய்ஸன் ஐவி செடி பட்டு நீ இரண்டு கிழமை சொறிந்துகொண்டு கிடந்தாய், நினைவிருக்கா? அந்தச் செடியும் மாவும் மரமுந்திரிகையும் ஒரே குடும்பம். ஒன்று ஒத்துக்கொள்ளாத உடம்புக்கு மற்றதும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். படப்பட அது பழகிப் போகும் என்று இராதே, கூடவும் செய்யலாம். அந்த மாமரத்தடிக்கு இனிப் போகாதே. கத்தரினில் ஒரு டொக்டரிடம் முகத்தைக் காட்டு.

நாள் வீணாகிப் போகும் என்றுதான் பயப்படுகிறாய். உனக்கு 52 நாள் ஆகிவிட்டது என்றாய். அவுஸ்திரேலியாவில் இரண்டாம் வருட விசாவுக்கு வேண்டிய அந்த 88 நாள் வேலையை ஒரே பண்ணையில் முடிக்க வேண்டும் என்றில்லை. இங்கே 52, வேறிடத்தில் 36 என்று சேர்த்துக் கணக்குக் காட்டலாம். தோட்ட வேலைதான் வேண்டும் என்றும் இல்லை. 2021 ஜூனிலிருந்து வடக்கிலும் ஒதுக்குப்புறப் பகுதிகளிலும் செய்கிற ஹோட்டல், உல்லாசப் பயண வேலைகளும் அந்தக் கணக்கில் சேர்கின்றன. புரூமில் ஒரு சமையலறையில் கோப்பை கழுவினாலும் நாள் நாள்தான். ஆனால் ஒவ்வொரு சம்பளச் சீட்டையும் பத்திரமாக வைத்திரு. மருமகனுடைய நாள் அவருக்கு, உன்னுடையது உனக்கு. ஒருவருடையதை மற்றவருக்குக் கொடுக்க முடியாது.

இதெல்லாம் சின்ன விசயம். எனக்கு நித்திரை வராமல் போனது நீ மருமகனிடம் வெயிலென்று பொய் சொன்னதாலே.

நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த புதிதில், பெரியப்பாவும் நானும் ஷெப்பார்ட்டனில் பேரிக்காய் பிடுங்கினோம். பையைத் தோளில் மாட்டி நெஞ்சுக்கு முன்னால் தொங்கவிட்டுக்கொண்டு ஏணியில் ஏற வேண்டும். நிரம்பின பையின் முழுப் பாரமும் இடுப்பில் இறங்கும். இரண்டாம் கிழமையே எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு. சொல்லவில்லை. சீசன் முடிய அந்தக் காசில் பழைய ஹோல்டன் காரில் அடிலெய்ட் வரை போவதென்று அவர் இரா இரவாய் வரைபடம் விரித்துப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த முகத்துக்கு முன்னால் எப்படிச் சொல்வது? மூன்று கிழமை நான் ஏணியில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு பிடுங்கினேன். கடைசியில் ஒரு மத்தியானம் மரத்தடியில் இருந்தவள் எழும்ப முடியாமல் போனேன். அவர் என்னைத் தூக்கிக் காரில் வைத்தார். பின் சீற்றில் புட்டுப் பெட்டி திறக்காமல் கிடந்தது. மில்டுரா வரை அவர் ஒரு சொல் பேசவில்லை. வேலை போனதற்கான கோபம் என்று நினைத்தேன். ஆற்றங்கரையில் காரை நிறுத்தினபோதுதான் கேட்டார்: "என்னை என்னெண்டு நினைச்சனி?"

நாற்பது வருடமாகியும் அந்தக் கேள்விக்கு என்னிடம் மறுமொழி இல்லை. நீ அப்படி ஒரு கேள்வியைக் கேட்க வேண்டி வரக்கூடாது. இன்றிரவே அவரை வானுக்குள் இருத்தி, விளக்கைப் போட்டு, முகத்தைக் காட்டு. நிற்பதா போவதா என்பது அதற்குப் பிறகு இரண்டு பேரும் கதைக்க வேண்டியது. அவர் இன்னும் கொஞ்ச நாள் அங்கே பிடுங்க விரும்பினால், நீ ஊருக்குள் வேறு வேலை பார்த்துக்கொண்டு நிற்கலாம். அதுவும் ஒரு வழிதான்.

போவதென்றால் முதல் நாள் பின்னேரமே மேற்பார்வையாளரிடம் நேரில் சொல்லுங்கள். கசுவல் வேலைக்கு முன்னறிவித்தல் கட்டாயமில்லை, ஆனாலும் உங்கள் இடத்துக்கு அவர் ஆள் தேட வேண்டும். காய்க்கணக்குக்குச் சம்பளம் என்றாலும், 2022 ஏப்ரலிலிருந்து வேலை செய்த மணித்தியாலத்துக்கான குறைந்தபட்சக் கூலி உறுதி. கடைசிச் சம்பளச் சீட்டில் அதைப் பார்.

புரூமுக்குப் போகிற வழியில் குனுனுராவுக்கே 500 கிலோமீற்றருக்கு மேலே. பொழுதுபடுவதற்கு முன்னமே வானை நிறுத்துங்கள். இருட்டில் மாடும் கங்காருவும் ரோட்டில் நிற்கும். 53 மீற்றர் நீளமான ரோட் ட்ரெயினை முந்துவதற்கு உங்கள் பழைய வானால் ஏலாது, பின்னால் போங்கள். மாம்பழப் பெட்டி தந்தால் எல்லைக்கு முன்னமே சாப்பிட்டு முடியுங்கள், மேற்கு அவுஸ்திரேலியாவுக்குள் விடமாட்டார்கள். கிப் ரிவர் ரோட் வழியாகப் போகிற ஆசையை இம்முறை விடுங்கள். மழை தொடங்கப் போகிறது. 2023 ஜனவரி வெள்ளத்தில் ஃபிற்ஸ்ரோய் குரோசிங் பாலமே உடைந்தது.

இன்றிரவு அவரோடு கதைத்த பிறகு எனக்கு எடு. எத்தனை மணியானாலும் போனைப் பக்கத்தில் வைத்திருப்பேன்.

அன்புடன்,
பெரியம்மா
மெல்பேர்ண்