மெய்நிகர் பொறிகளுக்கு வட்டு அமைக்கையில் நேரும் தடைகள்

ஒரே கணிப்பொறியின் ஆற்றலைப் பகுத்து, அதனுள் பல கணிப்பொறிகள் தனித்தனியே இயங்குமாறு அமைக்கும் முறை 1960-களிலேயே ஐபிஎம் பொறிகளில் கையாளப்பட்டது. இவ்வாறு அமைந்த ஒவ்வொன்றும் மெய்நிகர் பொறி எனப்படும். லினக்ஸ் கணிப்பொறிகளில் இவற்றை ஆக்கவும் இயக்கவும் நிறுத்தவும் லிப்வர்ட் என்னும் நிரல் தொகுப்பு துணைபுரிகிறது. இது 2005-ல் தொடங்கப்பெற்றது; வட்டுகளை நிருவகிக்கும் பகுதி 2008-ல் சேர்ந்தது. கல்லூரி ஆய்வுக்கூடத்தில் மாணவருக்கு ஒன்றாக மெய்நிகர் பொறி அமைக்க முற்படும் ஆசிரியர் பெரும்பாலும் வட்டு அமைக்கும் படியிலேயே முதன்முதல் தடைபடுகிறார்.

மெய்நிகர் பொறியின் வட்டு என்பது பெரும்பாலும் ஒரு கோப்பே. அக்கோப்பு இருக்கும் இடத்தை லிப்வர்ட் சேமிப்புத் தொகுதி என்று பதிந்துகொள்கிறது. க்யூகவ்2 வகை வட்டை ஆக்கும்படி கேட்டால், அது அவ்வேலையைத் தானே செய்வதில்லை. கியூஎமு-இமேஜ் என்னும் கருவியிடம் ஒப்படைக்கிறது. அக்கருவி இயக்க அமைப்பிடம் இடம் கேட்கிறது. ஆகவே மறுப்புச் செய்தி வந்தவுடன், மறுத்தவர் இம்மூவருள் யார் என்பதையே முதலில் ஆராய வேண்டும்.

தொகுதி இயங்கும் நிலையில் இல்லை என்பது லிப்வர்ட்டின் மறுப்பு. கணிப்பொறி நின்று மீண்டும் தொடங்கியபின், தானே தொடங்குமாறு குறிக்கப்படாத தொகுதிக்கு இந்நிலை நேரும். தொகுதியைத் தொடங்கிவிட்டால் குறை நீங்கும். தொகுதியே காணவில்லை என்று செய்தி வந்தால், எந்த இணைப்பில் வேலை நடக்கிறது என்று பார்க்க வேண்டும். கணிப்பொறி முழுமைக்குமான இணைப்பு வேறு, தனிப் பயனருக்குரிய இணைப்பு வேறு. ஒன்றில் அமைத்த தொகுதி மற்றொன்றில் தென்படாது. இச்சிறு செய்தியை அறியாமல் அரைநாளை இழப்பது எளிது.

இத்தகைய தடை வந்ததும் சிலர் லிப்வர்ட்டை விலக்கிவிட்டு, கியூஎமு-இமேஜ் கருவியை நேரே ஏவுகின்றனர். இங்கேதான் பேரிழப்பு காத்திருக்கிறது. தன் பதிவிலுள்ள பெயரில் மற்றொரு வட்டை ஆக்கச் சொன்னால் லிப்வர்ட் மறுத்துவிடும். கியூஎமு-இமேஜ் கருவியோ கேள்வி கேட்பதில்லை. அப்பெயருள்ள வட்டு முன்னரே இருந்து, அதற்குரிய பொறி நிறுத்தப்பட்டிருக்குமாயின், அதன்மேல் வெற்று வட்டை எழுதிவிடும். ஒரு மாணவரின் பருவ முழுமைக்குமான உழைப்பு நொடியில் அழியக்கூடும். நேரே ஏவுவது தவிர்க்க இயலாதபோது, அப்பெயரில் கோப்பு ஏதும் உண்டா என்று முதலில் நோக்குக. வேலை முடிந்தபின் தொகுதியைப் புதுப்பிக்கவும் வேண்டும்; அதுவரை புதிய கோப்பு லிப்வர்ட்டின் கண்ணுக்குப் புலப்படாது.

வட்டு செவ்வனே அமைந்தும் பொறியைத் தொடங்குகையில் அனுமதி இல்லை என்று வருவதுண்டு. கோப்பை ஒருவர் தமது இல்ல அடைவில் வைத்திருப்பதே இதற்குப் பெரும்பாலும் காரணம். பொறியை இயக்கும் கியூஎமு தனிப் பயனர் பெயரில் இயங்குவதால், பிறர் நுழையக் கூடாத அடைவைக் கடந்து கோப்பை அடைய அதனால் இயலாது. அடைவைத் திறந்துவிடுவதைவிட, லிப்வர்ட்டுக்குரிய இடத்திற்குக் கோப்பை மாற்றுவது நன்று. வேறொரு குறையும் உண்டு. க்யூகவ்2 வட்டு தேவைக்கேற்ப வளர்வதால், இருக்கும் இடத்தைவிடப் பெரிய வட்டுகளையும் ஆக்க முடிகிறது. பின்னர் இடம் தீர்ந்ததும் பொறி நடுவில் நின்றுவிடும்.

வட்டு ஒரே கணிப்பொறியில் இல்லாமல் பல கணிப்பொறிகளில் பரவியிருக்கும்போது சிக்கல் மிகுகிறது. இதற்குப் பெங்களூருவோடு தொடர்புடைய கிளஸ்டர் கோப்பு அமைப்பு தக்க எடுத்துக்காட்டு. ஆனந்த் பாபு பெரியசாமி முதலியோர் தொடங்கிய கிளஸ்டர் நிறுவனத்தின் பொறியியற் பணி அந்நகரில் நடந்தது. 2011-ல் ரெட் ஹேட் நிறுவனம் அதனை வாங்கியது. 2012 டிசம்பரில் வெளிவந்த கியூஎமு 1.3 இவ்வமைப்பை நேரே அணுகும் திறன் பெற்றது. ஆயினும் கிளஸ்டர் தொகுதியில் புதிய வட்டை ஆக்குமாறு கேட்டால், அத்தொகுதி அதனை ஆதரிக்கவில்லை என்றே லிப்வர்ட் விடையளிக்கிறது. இது பழுதன்று. இருக்கும் வட்டுகளைக் காணவும் நீக்கவும் மட்டுமே அப்பகுதி எழுதப்பட்டுள்ளது. கியூஎமு-இமேஜ் கருவிக்குக் கிளஸ்டர் முகவரியைக் கொடுத்து வட்டை ஆக்கி, பிறகு தொகுதியைப் புதுப்பிப்பதே வழி. மேற்கூறிய எச்சரிக்கை இங்கே இருமடங்கு பொருந்தும். பழைய வெளியீடுகளில் மற்றொரு தடையும் இருந்தது. 1024-க்குக் கீழ்ப்பட்ட வாயில்களிலிருந்து வரும் அழைப்பை மட்டுமே கிளஸ்டர் ஏற்றது. அவ்வாயில்களைத் தனிப் பயனராக இயங்கும் கியூஎமு பயன்படுத்த இயலாது. இவ்விதியைக் கிளஸ்டரின் அமைப்பில் தளர்த்த வேண்டியிருந்தது.

2024 டிசம்பரில் வெளியான கியூஎமு 9.2, கிளஸ்டர் ஆதரவு பின்னாளில் நீக்கப்படலாம் என அறிவித்தது. எனவே புதிய ஆய்வுக்கூடங்களை இதன்மேல் அமைத்தல் தகாது. முன்னரே இதில் வட்டுகள் வைத்திருப்போர் பொறிகளை நிறுத்தி, கியூஎமு-இமேஜின் மாற்றும் கட்டளையால் வேறிடத்திற்குப் படியெடுக்க வேண்டும். புதிய படியிலிருந்து பொறி தொடங்குவதைக் கண்ணால் கண்டபின்னரே பழையதை நீக்கலாம்.