விண்வெளிக் கண்களுக்குக் குளிர்ச்சி

கோடையில் குளிர்ந்த நீர் தரும் குளிர்சாதனப் பெட்டியை நாம் அறிவோம். அதன் உறவுக்கார இயந்திரம் ஒன்று விண்வெளித் தொலைநோக்கிக்குப் பார்வை தருகிறது என்றால் வியப்பாக இல்லையா?

வெப்பமுள்ள பொருள்கள் யாவும் அகச்சிவப்புக் கதிர்களை வீசுகின்றன. தூசி மேகங்களுக்குள் பிறக்கும் விண்மீன்களை இக்கதிர்களைக் கொண்டு காணலாம். ஆனால் கருவியே வெப்பமாக இருந்தால், அதுவும் அக்கதிர்களை வீசும். விளக்கைக் கண்ணெதிரே பிடித்துக்கொண்டு மின்மினியைத் தேடிய கதைதான்!

ஆகவே முதலில் திரவ ஹீலியத்தை நிரப்பி அனுப்பினார்கள். 1983 ஜனவரியில் ஏவப்பட்ட 'ஐராஸ்' பத்து மாதங்களே பணி செய்தது. ஹீலியம் ஆவியாகித் தீர்ந்துவிட்டது. ஹப்பிள் தொலைநோக்கியில் 1997-ல் பொருத்திய 'நிக்மாஸ்' கருவியின் உறைந்த நைட்ரஜனும், நான்கு ஆண்டுகளுக்கு மேல் வரும் என்று எண்ணியிருக்க, 1999 ஜனவரியிலேயே தீர்ந்தது. 2002 மார்ச்சில் விண்வெளி வீரர்கள் அதில் ஒரு குளிரூட்டும் இயந்திரத்தைப் பொருத்தினார்கள். நிக்மாஸ் மீண்டும் கண் திறந்தது.

இயந்திரம் எவ்வாறு குளிர்விக்கிறது? சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பு சூடாவதைக் கண்டிருப்பீர்கள். வாயுவை அழுத்தினால் சூடாகும். அந்தச் சூட்டை வெளியேற்றிவிட்டு வாயுவை விரியவிட்டால் குளிரும். அதே வாயு மீண்டும் மீண்டும் சுற்றிவருவதால் தீர்ந்துபோவதில்லை.

ஆயினும் இடர்கள் உண்டு. கடுங்குளிரில் எண்ணெய் உறைந்துவிடும். எண்ணெயின்றி உலோகங்கள் உராய்ந்தால் தேய்ந்துவிடும். இதற்கு ஆக்ஸ்போர்டு அறிஞர்கள் வழி கண்டார்கள். மெல்லிய தட்டை வில்களால் உந்துதண்டைத் தாங்கி, உருளையின் சுவரைத் தொடாமலே அதை இயங்கச் செய்தார்கள். அடுத்த இடர் அதிர்வு. இரண்டு உந்துதண்டுகளை எதிரெதிராக ஓடவிட்டால் ஒன்றன் அதிர்வை மற்றது தணித்துவிடும்.

2021 டிசம்பர் 25 அன்று, கிறிஸ்து பிறப்பு நன்னாளில், 'ஜேம்ஸ் வெப்' தொலைநோக்கி ஏவப்பட்டது. அதன் 'மிரி' கருவியை ஹீலிய வாயுவில் இயங்கும் இயந்திரம் 2022 ஏப்ரலில் சுமார் மைனஸ் 266 பாகை செல்சியசுக்குக் குளிர்வித்தது. வெப் இருப்பதோ பூமியிலிருந்து சுமார் 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில்! ஹப்பிளுக்குச் சென்றதுபோல் பழுது பார்க்க அங்கே யாரும் சென்றதில்லை. இயந்திரம் நின்றால் மிரியின் பார்வையும் போய்விடும்.

தோழியரே, விண்மீன்களின் படங்களைப் பார்த்து மகிழ்கிறோம். அப்படங்களுக்குப் பின்னே, யார் கண்ணிலும் படாமல், ஓய்வின்றித் தன் கடமையைச் செய்யும் அந்தச் சிறு இயந்திரத்தையும் நினைத்துப் பார்ப்போமா?