ராஜினாமாவைக் கொடுத்துவிடாதே

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. நீ அலுவலகத்துக்கு ராஜினாமா எழுதி, மேஜை டிராயரில் வைத்திருக்கிறாய் என்று அக்கா போனில் சொன்னாள். தைரியமாக இரு என்று சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அதை விட்டுவிட்டு இரண்டு பேருடைய கதையையும் ஒரு சட்டப் பிரிவையும் எழுதுகிறேன். நிதானமாகப் படி.

மேரி வர்கீஸ் கேரளத்தில் பிறந்து, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) படித்து டாக்டரானவர். 1954 ஜனவரியில் நண்பர்களோடு போன வண்டி விபத்தில் சிக்கியது. உனக்கு நேர்ந்ததேதான்: முதுகுத்தண்டில் அடி, இரண்டு கால்களும் போயின. அப்போது அவருக்கு வயது 28. அங்கே அறுவை மருத்துவராக இருந்த பால் பிராண்ட், தொழுநோயில் மடங்கிப்போன விரல்களைச் சீராக்கும் சிகிச்சையில் முன்னோடி. கையில் செய்யும் அறுவையை உட்கார்ந்தபடியே செய்ய முடியும். சக்கர நாற்காலியிலேயே மேரி அறுவை அரங்குக்குள் போனார். தசைநாண்களை இடம் மாற்றித் தைத்து, மூடிக்கிடந்த விரல்களைத் திறந்துவிட்டார்.

அவருடைய மன உறுதியைப் பற்றிப் பலர் பேசிவிட்டார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. வேலையைப் பிரித்துப் பார்த்து, இதில் கால் எங்கே தேவைப்படுகிறது என்று அங்கே யோசித்திருக்கிறார்கள். உன் வேலையையும் அப்படிப் பிரித்துப் பார். கோப்பு, கணினி, கணக்கு, தொலைபேசி. கால் தேவைப்படுவது வாசலில் இருக்கும் படிகளில் மட்டும்தான். அது கட்டடத்தின் குறை, உன் குறை இல்லை.

மேரி அதோடு நிற்கவில்லை. நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, 1963-இல் சி.எம்.சி.யில் அந்தத் துறைக்குத் தலைவரானார். 1966-இல் வேலூரிலேயே மறுவாழ்வு நிலையம் திறந்தது. 1972-இல் பத்மஸ்ரீ.

இன்னொருவர் நம்ம தென்காசிப் பக்கம், ஆய்க்குடி எஸ். ராமகிருஷ்ணன். பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975-இல், கடற்படை அதிகாரி தேர்வுக்குப் பெங்களூர் போனார். உடற்திறன் சோதனையில் விழுந்தார். கழுத்துக்குக் கீழே எல்லாம் போயிற்று. 1981-இல் சொந்த ஊரில் விரல் விட்டு எண்ணக்கூடிய பிள்ளைகளோடு அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தனக்கு வைத்தியம் பார்த்த ஏர் மார்ஷல் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரைத்தான் அதற்கு வைத்தார். பின்னால் வந்து சேர்ந்த சங்கரராமன் தசைச் சிதைவு நோயோடு வாழும் ஆடிட்டர். இந்த இருவரும் நடத்திய நிறுவனத்தில் பள்ளி, சிகிச்சை, தொழிற்பயிற்சி எல்லாம் உண்டு. ராமகிருஷ்ணனுக்கு 2020-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஒரு டம்ளர் தண்ணீருக்கும் இன்னொரு கை வேண்டியவர் அவர். ஆனால் என்ன செய்வது என்பதை அவரே முடிவு செய்தார். அக்கா தட்டை எடுத்து வந்தால் கூசிப் போகிறாயாமே, அதற்காகச் சொல்கிறேன்.

இனி உடம்பு. நாற்காலியில் உட்காருமிடத்தில் உணர்ச்சி இல்லாததால் புண் வருவதே தெரியாது. அரைமணிக்கு ஒருமுறையாவது கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்கு. இரவில் கண்ணாடி வைத்துப் பார். வெளியே போகிற நாளில் கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பவர்கள் அநேகம். சிறுநீர்த் தொற்றும் கல்லும் அப்படித்தான் வருகின்றன. சிறுநீர்க் குழாய் போடும் நேரங்களை டாக்டரிடம் கேட்டு, அலுவலக நேரத்தோடு பொருந்தும்படி வகுத்துக்கொள். ஆஸ்பத்திரியில் கொடுத்த அந்த அகலமான நாற்காலியை மாற்று. உன் இடுப்புக்கு அளவெடுத்துச் செய். சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான நியோபோல்ட் என்ற மோட்டார் இணைப்பு 2021-இல் வந்தது. அதை நாற்காலியின் முன்னால் மாட்டிக்கொண்டு தெருவில் ஓட்டலாம். விலை இருக்கிறது, பேசிக்கொள்வோம்.

மெரினாவுக்கும் போய் வா. சக்கர நாற்காலியில் அலை வரைக்கும் போக 2022 நவம்பரில் மரப்பாதை திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதில் ஒரு பகுதியைப் பிய்த்துப் போட்டது, பிறகு சரிசெய்தார்கள். கட்டுவதைவிடப் பராமரிப்பதற்குத்தான் நம் ஊரில் சண்டை போட வேண்டியிருக்கிறது.

கடைசியாக அந்தச் சட்டம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 20-ஆம் பிரிவு. பணியில் இருக்கும்போது ஊனமடைந்த அரசு ஊழியரை நீக்கவும் கூடாது, பதவி இறக்கவும் கூடாது. பழைய வேலை ஒத்துவராவிட்டால் அதே சம்பளத்தில் வேறு பணி தர வேண்டும். அதற்கும் இடமில்லை என்றால், தகுந்த இடம் கிடைக்கும் வரையோ ஓய்வு வயது வரையோ கூடுதல் பணியிடம் ஏற்படுத்தி வைத்திருக்க வேண்டும். தடையற்ற பணியிடத்தையும் அதே பிரிவு கேட்கிறது. இந்தப் பாதுகாப்பு பணியில் இருப்பவனுக்குத்தான். நீயாகவே எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தால் சட்டம் உன் பின்னால் ஓடி வராது.

ஆகவே முதலில் ஊனச் சான்றிதழுக்கும் யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் விண்ணப்பி. 20-ஆம் பிரிவைக் குறிப்பிட்டு, தரைத்தளத்தில் இருக்கையும் வாசலில் சாய்தளமும் கேட்டு ஒரு மனு எழுது. வரைவை எனக்கு அனுப்பு, திருத்தித் தருகிறேன். டிராயரில் இருக்கும் அந்தத் தாளை அக்காவிடம் கொடுத்துக் கிழிக்கச் சொல்.

அன்புடன்,
மாமா