பெயின்ட்டுக்கு முன்னால் ஆயில் சீல்

பழைய யமஹா ஆர்.எக்ஸ். 100 வாங்குகிறவர்களில் பலர் முதல் செலவைத் தவறான இடத்தில் செய்கிறார்கள் என்பது என் கட்சி. டேங்குக்குப் புதுப் பெயின்ட், மட்கார்டுக்குக் குரோம், தெருவே திரும்பிப் பார்க்கும் சைலன்சர் என்று கண்ணுக்கும் காதுக்கும் எட்டுவதில் தொடங்குகிறார்கள். என்ஜினுக்குள் இருக்கும் இரண்டு ரப்பர் சீல்களுக்குக் கடைசியில்தான் வருகிறார்கள். பல நேரம் அதற்குள் பிஸ்டன் ஜாம் ஆகியிருக்கும். திண்டுக்கல் மாவட்டத்தில் அகரம், தாடிக்கொம்பு, வேடசந்தூர் பக்கம் இந்த வண்டியைக் காட்சிப் பொருளாக வைத்திருப்பவர்களைவிடத் தோட்டத்துக்கும் கடைக்கும் ஓட்டுகிறவர்களுக்குத்தான் நான் சொல்வது பயன்படும். கம்பெனி கொடுத்தபடியே வண்டியை வைத்திருப்பதைப் பழமைப் பாசம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது முழுக்க என்ஜின் கணக்கு.

1985 நவம்பரில் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவோடு சேர்ந்து ஆர்.எக்ஸ். 100-ஐ இறக்கியது, 1996-இல் உற்பத்தி நின்றது. 98 சி.சி. என்ஜின், 11 குதிரைத்திறன், நூறு கிலோவைச் சற்றே தாண்டும் எடை. அதே 1985-இல் வந்த ஹீரோ ஹோண்டா சி.டி. 100 ஏறத்தாழ அதே சி.சி.யில் 7 குதிரைத்திறனை ஒட்டித்தான் தந்தது. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? டூ ஸ்ட்ரோக் என்பதால் கிராங்க் ஒவ்வொரு சுற்று சுற்றும்போதும் ஒருமுறை எரிகிறது. அதோடு, சைலன்சர் வெறும் புகைக்குழாய் அல்ல. வெளியேறும் புகையின் அழுத்த அலை குழாயின் வடிவத்தால் திரும்பி வந்து, தப்பி ஓடப் பார்க்கும் புதுப் பெட்ரோல் கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளுகிறது. குழாயின் நீளமும் விட்டமும் மாறினால் அந்த அலை வந்து சேரும் நேரமும் மாறிவிடும். திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டின் நெம்பை அரம் போட்டுத் தேய்த்துவிட்டுச் சாவியைக் குறை சொல்வதுபோலத்தான், சத்த சைலன்சரை மாட்டிவிட்டு ‘இழுவை போயிருச்சு’ என்பதும். இழுவை குறைந்ததாகத் தோன்றினால் முதலில் பார்க்க வேண்டியது பழைய சைலன்சருக்குள் அப்பியிருக்கும் கரியை. பேஃபிளைக் கழற்றிச் சுத்தம் செய்தாலே பாதிக் குறை தீரும்.

சீல் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸும் காற்றை இழுத்து அழுத்தும் ஒரு அறைதான். அது காற்றுப் புகாமல் இருந்தே ஆக வேண்டும். கிராங்க்கின் இடது முனையில் மேக்னெட் பக்கம் ஒரு சீல், வலது முனையில் கிளட்ச் பக்கம் ஒரு சீல். வருடக்கணக்கில் வெப்பம் பட்டு இரண்டும் விறைத்துப் போகும். வலது சீல் போனால் கியர் ஆயில் உள்ளே இழுபட்டு எரியும். பின்னால் வெள்ளைப் புகை தள்ளும், கியர் ஆயில் அளவும் குறையும். இது கண்ணுக்குத் தெரிந்துவிடுகிற நோய். இடது சீல் போனால் வெளிக்காற்று புகுந்து பெட்ரோல் கலவை நீர்த்துவிடும். நீர்த்த கலவை அதிகச் சூட்டோடு எரியும். காற்றால் மட்டுமே குளிர வேண்டிய என்ஜினுக்குச் சித்திரை வெயிலில் இது போதும். இதன் அறிகுறி மெல்லியது: ஆக்ஸிலேட்டரை விட்டபிறகும் என்ஜின் சத்தம் உடனே இறங்காமல் சில நொடி மேலேயே நின்று, பிறகு தயங்கித் தயங்கி இறங்கும். பட்டறையில் பெரும்பாலும் ஐடில் ஸ்குரூவைத் திருகி அதை அமுக்கிவிடுவார்கள். சத்தம் அடங்கும், காற்று புகுவது அடங்காது. பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நுனி காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் நல்லது. சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தால் வண்டியை நிறுத்திவிட்டு சீலையும், கார்ப்பரேட்டரை என்ஜினோடு இணைக்கும் ரப்பரில் வெடிப்பு உண்டா என்பதையும் பாருங்கள். பெயின்ட் அடுத்த மாதம் அடிக்கலாம்.

இரண்டாவது, ஆயில் பம்ப். இதைக் கழற்றி அடைத்துவிட்டு டேங்கிலேயே ஆயிலைக் கலந்து ஊற்றுவது நம் பக்கம் பரவலான பழக்கம். பம்ப் பழுதானால் சொல்லாமல் கொள்ளாமல் என்ஜின் போய்விடும், கலந்து ஊற்றினால் நிம்மதி என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை; தேய்ந்த பம்ப்பை நம்புவதைவிடக் கலந்து ஊற்றுவதே மேல். ஆனால் நல்ல பம்ப்பைக் கழற்றுவதற்கு அது காரணமாகாது. சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது இதன் அருமை தெரியும். ஆக்ஸிலேட்டரை மூடி, இரண்டாம் கியரில் என்ஜினைப் பிரேக்காக வைத்து இறங்கினால் என்ஜின் வேகமாகச் சுற்றும், பெட்ரோல் மட்டும் மிகக் குறைவாகத்தான் உள்ளே போகும். கலந்து ஊற்றிய வண்டியில் பெட்ரோல் போகாவிட்டால் ஆயிலும் போகாது. பம்ப் என்ஜின் சுற்றோடு இணைந்தது; ஆக்ஸிலேட்டர் மூடியிருந்தாலும் கொஞ்சமாவது தள்ளிக்கொண்டிருக்கும். பம்ப் இல்லாதவர்கள் இறக்கத்தில் அவ்வப்போது கிளட்சைப் பிடித்து லேசாக ஆக்ஸிலேட்டர் கொடுப்பது நல்லது. பம்ப் உள்ளவர்கள் கேபிளைச் சரிசெய்யும்போது பம்ப் கப்பியில் உள்ள குறி நேராக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆயில் குழாயில் காற்றுக் குமிழி இருக்கவே கூடாது.

இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருப்பதால் பழைய ஜெட்டில் கலவை இன்னும் நீர்க்கும், பழைய ரப்பரையும் அது அரிக்கும். ‘கம்பெனி கொடுத்தபடியே வை’ என்று சொல்கிறவன் இங்கே விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும்: பிளக் வெளுத்தால் மெயின் ஜெட்டை ஒரு அளவு கூட்டலாம், பெட்ரோல் குழாயை எத்தனாலைத் தாங்கும் ரகத்துக்கு மாற்றலாம். கம்பெனி அளவு அன்றைய பெட்ரோலுக்குப் போட்டது. பெட்ரோல் மாறினால் அளவும் மாறுவதுதான் நியாயம். வண்டி சில வாரம் சும்மா நிற்கப் போகிறது என்றால் பெட்ரோல் வால்வை மூடி, கார்ப்பரேட்டர் கிண்ணத்தில் மிஞ்சியதை வடித்துவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுத்து, டேங்கின் அடியில் துருவை வளர்க்கும். மண் ரோட்டில் ஓட்டுகிறவர்கள் ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டவே வேண்டாம். புழுதி நேரே சிலிண்டர் சுவரைத் தேய்க்கும். ஒவ்வொரு ரீபோரும் சிலிண்டரின் ஆயுளில் ஒரு பங்கைத் தின்றுவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஒரிஜினல் உதிரிபாகம் எங்கே கிடைக்கிறது என்று கேட்பார்கள். எல்லாம் கிடைக்காதுதான். அதனால்தான் வண்டியோடு வந்த சைலன்சர், கார்ப்பரேட்டர், சிலிண்டர் ஆகியவற்றைத் தூக்கி எறியாதீர்கள் என்கிறேன். சீல், பிரேக் ஷூ, கேபிள் போன்றவற்றில் நல்ல தரமான மாற்று இருந்தாலே போதும். புகை பற்றிய குற்றச்சாட்டு வலுவானது. எரியாத பெட்ரோல் கொஞ்சம் வெளியேறுவது டூ ஸ்ட்ரோக்கின் பிறவிக் குணம். அதற்கு வக்காலத்து வாங்க நான் தயாரில்லை. சீலும் பம்ப்பும் சரியாக இருக்கும் வண்டி குறைவாகப் புகைக்கும், அவ்வளவுதான் சொல்ல முடியும். பிரேக் விஷயத்திலும் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். முன்னும் பின்னும் டிரம். இன்றைய டிஸ்க் வண்டியோடு கரூர் ரோட்டில் போட்டி போட அது போதாது. வேறு வண்டியின் ஃபோர்க்கையும் டிஸ்க்கையும் மாட்டுவது ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டிய மாற்றம். அதைவிட டிரம்மை லேத்தில் சமப்படுத்தி, புது ஷூவும் புது டயரும் போட்டு, அந்தப் பிரேக்குக்கு ஏற்ற வேகத்தில் ஓட்டுவது நடைமுறைக்கு ஒத்து வரும்.

காகிதங்களை வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே பாருங்கள். பதிவு 15 ஆண்டுக்குத்தான். பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். டெல்லியில் உள்ளதுபோல 15 வயது பெட்ரோல் வண்டிக்குத் தமிழ்நாட்டில் தடை கிடையாது. 2021-இல் வந்த பாரம்பரிய வாகன விதி 50 வயது ஆனவற்றுக்கு, அதுவும் பெரிய மாற்றம் செய்யாதவற்றுக்கு மட்டுமே பொருந்தும், முதல் ஆர்.எக்ஸ். 100-க்கே அந்த வயது 2035-இல்தான். அப்படிப் பதிந்த வண்டியைத் தினசரி ரோட்டில் ஓட்டவும் முடியாது என்பதால், ஓட்ட விரும்புகிறவர்களுக்குச் சாதாரணப் பதிவே நல்லது. ஆர்.சி. புக்கில் உள்ள எண்ணையும் சேஸிஸில் பொறித்த எண்ணையும் டார்ச் அடித்து ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். அந்த இடத்தில் மட்டும் பெயின்ட் புதிதாக இருந்தாலோ உலோகம் தேய்ந்திருந்தாலோ விலை பேசத் தொடங்கவே வேண்டாம்.