பதினொன்றாம் வகுப்பில் கற்க வேண்டியவை

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளிவந்ததும் நம் சமுதாயத்து இல்லங்களில் எழும் முதல் வினா, "எந்தப் பிரிவில் சேர்ப்பது?" என்பதே. மருத்துவமா, பொறியியலா, வணிகமா என்று பெற்றோரும் உற்றாரும் கூடி ஆராய்கின்றனர். அவ்வாராய்ச்சி வேண்டியதே. ஆயினும் அதனினும் முதன்மையான வினா ஒன்று உண்டு. சேர்ந்த பிரிவின் முதலாண்டுப் பாடங்களை நம் பிள்ளைகள் உண்மையாகவே கற்கின்றனரா?

தமிழகத்தில் 1978ஆம் ஆண்டு தொடங்கிய மேல்நிலைக் கல்வி, இரண்டாண்டுக் கல்வியாகவே வகுக்கப்பட்டது. பொதுத்தேர்வு ஈற்றாண்டில் மட்டும் இருந்தமையால், பள்ளிகள் சில பதினொன்றாம் வகுப்புப் பாடங்களைப் பெயரளவில் நடத்திவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்களை முன்னதாகவே தொடங்கின. பின்னர் 2017-18 கல்வியாண்டில் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு ஏற்பட்டது. 2025-26 முதல் அது நீக்கப்பட்டுள்ளது. தேர்வுச் சுமை குறைந்தது நன்றே. எனினும் பழைய வழக்கம் மீண்டும் தலைதூக்காதவாறு விழித்திருப்பது இனிப் பெற்றோர் கடமையாகும்.

முதலாண்டில் அடங்கியவை

இயற்பியலில் நியூட்டனின் விதிகளும் ஈர்ப்பியலும் அலைவுகளும் இவ்வாண்டில்தான் வருகின்றன. வேதியியலில் மோல் என்னும் அளவுக் கருத்தும் கரிம வேதியியலின் அடிப்படையும் இவ்வாண்டுக்குரியன. கணிதத்தில் நுண்கணிதத்தின் தொடக்கம் இங்கேயே உள்ளது. அதனைக் கல்லாத மாணவர் மறு ஆண்டில் நுண்கணிதத்தின் பயன்பாடுகளை எவ்வாறு அறிவர்? சூத்திரங்களை நெட்டுருச் செய்வதன்றி அவருக்கு வேறு வழியில்லை. நீட், ஜே.இ.இ. ஆகிய நுழைவுத்தேர்வுகளிலும் ஈராண்டுப் பாடங்களிலிருந்தும் வினாக்கள் கேட்கப்படுகின்றன.

வணிகப் பிரிவினர்க்கும் இதுவே நிலை. இரட்டைப் பதிவு முறை, குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு ஆகியவற்றை முதலாண்டில் பழகாதவர்க்குப் பன்னிரண்டாம் வகுப்பின் கூட்டாண்மைக் கணக்குகள் விளங்கா.

பல பொருள்களிலிருந்து சிலவற்றை எத்தனை வகையாகத் தேர்ந்தெடுக்கலாம் என்று கணக்கிடும் பாடமும் பதினொன்றாம் வகுப்பில் உள்ளது. இதற்குரிய பொதுவிதியைத் தம் கணித சார சங்கிரகத்தில் வழங்கியவர், இராட்டிரகூட மன்னர் அமோகவர்ஷர் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சமண அறிஞர் மகாவீராசாரியர். நம் ஆசாரியர் உலகுக்கு அளித்த பாடத்தை நம் பிள்ளைகளே கடந்து செல்வது தகுமோ?

மொழிப்பாடமும் அத்தகையதே. மதிப்பெண் மிகுதியாகக் கிடைக்கும் என்று கருதி மேல்நிலையில் தமிழை விடுத்து வேறு மொழியைக் கொள்வோர் உளர். சீவக சிந்தாமணி, நீலகேசி, மேருமந்தர புராணம் ஆகியவை நம் முன்னோர் தமிழில் வைத்துச் சென்ற செல்வங்கள். பதினாறாம் வயதில் செய்யுட் பயிற்சியைக் கைவிட்டவர்க்கு அவற்றின் வாயில் எளிதில் திறவாது.

கற்கும் முறை

ஆறு வகை அகத்தவங்களுள் சுவாத்தியாயமும் ஒன்று. உமாசுவாமிகள் அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயம் அதனை ஐந்தாக வகுக்கின்றது. அவை: படித்தல், ஐயம் வினவுதல், மீண்டும் மீண்டும் சிந்தித்தல், பிழையின்றி ஓதுதல், பிறர்க்கு எடுத்துரைத்தல். இவை அறநூல் கற்பதற்கு உரியவை. எனினும் பள்ளிப் பாடத்திற்கும் இவ்வைந்தும் பொருந்தும். இன்றைய மாணவர் பலர் ஓதுதல் ஒன்றையே கைக்கொள்கின்றனர். ஏனைய நான்கிற்கும் பொழுது வேண்டும். அப்பொழுதைத் தருவது பதினொன்றாம் வகுப்பே. அதனைப் பறித்துவிட்டால் எஞ்சுவது மனப்பாடம் மட்டுமே.

13ஆம் நூற்றாண்டினரான பவணந்தி முனிவரும் நன்னூலின் பாயிரத்தில் இதனையே உணர்த்துகின்றார். ஆசிரியர் சொல்லக் கேட்டு அடைவது கால் பங்கு. உடன்கற்போரோடு பழகிப் பெறுவது மற்றொரு கால் பங்கு. பிறர்க்கு எடுத்துரைக்கும்போதுதான் எஞ்சிய அரைப் பங்கும் நிரம்பும் என்பது அவர் கருத்து.

பெற்றோர் செய்யத்தக்கவை

ஆடித் திங்களில் ஒருமுறையும் ஐப்பசியில் ஒருமுறையும் பிள்ளையின் குறிப்பேடுகளை வாங்கிப் பார்த்தல் வேண்டும். அவற்றில் எவ்வகுப்புப் பாடம் நடைபெறுகின்றது என்பதை நோக்குதல் வேண்டும். முதலாண்டுப் பாடம் விடுபட்டிருப்பின் பள்ளித் தலைமையாசிரியரை அணுகிப் பணிவுடனும் உறுதியுடனும் கேட்கலாம். வாரம் ஒரு நாள், கற்ற பாடம் ஒன்றைத் தம்பி தங்கையர்க்கோ பாட்டனார் பாட்டியார்க்கோ பிள்ளையை விளக்கச் சொல்லலாம். கேட்போர்க்கு இயற்பியல் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. சொல்பவர் தடுமாறும் இடமே, அவர் மீண்டும் படிக்க வேண்டிய இடம். இது பெண்மக்களுக்கும் ஆண்மக்களுக்கும் ஒன்றுபோல் செய்யத்தக்கது.

பிறர் அறிவு பெறுவதற்கு இடையூறு செய்தலை, ஞானாவரணீயக் கர்மம் வந்து சேர்வதற்குரிய காரணங்களுள் ஒன்றாக அச்சூத்திர நூலின் ஆறாம் அத்தியாயம் கூறுகின்றது. மதிப்பெண்ணில் கொண்ட அவாவினால் ஒரு பிள்ளையின் ஓராண்டுக் கல்வியை மறைப்பதும் அத்தகைய இடையூறு என்றே நாம் கருதுகின்றோம். பிரிவு எதுவாயினும் ஆகுக. ஈராண்டுக் கல்வியும் நம் பிள்ளைகளுக்கு முழுமையாகக் கிடைப்பதாக!