வீட்டில் அமைக்கும் மாதிரி இருப்புப்பாதை

மாதிரி இருப்புப்பாதையை வீட்டில் அமைக்கப் புகுவோர் முதற்கண் அறியவேண்டுவன இரண்டு: ஒன்று ஒப்பளவு, மற்றொன்று தண்டவாள இடைவெளி. இங்கிலாந்தில் பெருவழக்கான 'ஓஓ' முறையில் ஓரடிக்கு 4 மில்லிமீட்டர் என்பது ஒப்பளவு. அஃதாவது மெய்யுருவில் ஏறக்குறைய 76இல் ஒரு பங்கு என்க. அந்நாட்டுப் பாதையின் இடைவெளி 1,435 மில்லிமீட்டராதலின், மாதிரியில் அது 18.83 ஆதல் வேண்டும். ஆயின் 'ஓஓ' தண்டவாளத்தின் இடைவெளியோ 16.5 மில்லிமீட்டரே.

இவ்வழு நேர்ந்தமைக்குக் காரணம் யாதெனின், கூறுதும். 16.5 மில்லிமீட்டருக்கு இயைந்த ஒப்பளவு ஓரடிக்கு 3.5 மில்லிமீட்டராம். ஆங்கில நாட்டு எஞ்சின்கள் உருவிற் சிறியன. அவ்வளவிற்குக் குறுக்கின் அக்கால மோட்டார் அவற்றுள் அடங்குதல் அரிது. ஆகவே வண்டியின் உருவை மட்டும் பெருக்கித் தண்டவாளத்தை இருந்தபடியே விட்டனர். 1938இல் வெளிவந்த 'ஹார்ன்பி டப்ளோ' வண்டிகளும் இம்முறையினவே. இலக்கணம் பயில்வோர் இதனை வழுவமைதி எனக் கொள்ளலாம். குறையேயெனினும், காரணம் பற்றி அமைத்துக்கொள்ளப்பட்டது.

இனி, இடத்தின் அளவை நோக்குவோம். மெய்யான ஒரு மைல் இவ்வொப்பளவில் 21 மீட்டராகும். அஃது எளியார் வீட்டுக் கூடத்தில் அடங்குமோ? ஆதலின் தொலைவைச் சுருக்கலாம், வண்டியைச் சுருக்கலாகாது. 20 மீட்டர்ப் பெட்டி 26 சென்டிமீட்டராகும். எஞ்சினும் நான்கு பெட்டிகளும் நிற்க, நிலைய மேடை ஏறக்குறைய 1.3 மீட்டர் நீளம் வேண்டும். குறுகிய வளைவில் நெடும்பெட்டிகளின் முனைகள் புறத்தே நீண்டு தோன்றுமாதலின், அவ்வளைவைக் குன்றின் பின்னோ சுரங்கத்துள்ளோ மறைத்தல் நன்று. சுருக்கத்தக்கது இது, தகாதது இது எனத் தெளிந்த பின்னரே பலகையை அறுத்தல் வேண்டும். முன்னரே அறுப்பார்க்குப் பொருளும் உழைப்பும் வீணாம்.